கற்பனைக் கலங்களும் திங்கள் மனைகளும்

வானூர்தியைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் புட்பக விமானத்தை எடுத்துக்காட்டி, இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று பெருமிதம் கொள்வது நம்மவரிடை ஒரு வழக்கமாகிவிட்டது. கம்பன் காட்டும் விமானத்தின் அழகில் நாமும் மயங்குகிறோம். எனினும் காவியத்தில் பறக்கும் ஊர்தி வேறு. கணக்கிட்டுக் கட்டவேண்டிய ஊர்தி வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு பொருளையே இம்மலரில் ஆராயப் புகுகின்றோம். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எனச் செய்யப்பட்ட விண்கலங்களும், திங்களின்மீது எழுப்பப்பட்டனவாகக் காட்டப்பட்ட மனைகளும், அறிவியலின் தராசில் எவ்வளவு நிற்கும் என்பதே நம் வினா.

இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என மூத்தோர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் தமிழ்த் திரையில் தோன்றிய முன்னோடி விண்கலம் ஒன்று நெடுங்காலமாகக் கேலிப்பொருளாகவே இருந்து வருகின்றது. அக்கேலி நேர்மையானதுதானா என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் நம் கடன் அன்றோ?

நாம் குறிப்பது 1963 ஏப்ரலில் வெளிவந்த 'கலை அரசி'. ஏ. காசிலிங்கம் இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். வேற்று உலகம் ஒன்றில் அறிவியல் ஓங்கியிருக்கிறது; ஆனால் இசையும் கலையும் இல்லை. ஆகவே அவ்வுலகத்தான் ஒருவன் (நம்பியார்தான், வேறு யாரை அனுப்புவார்கள்!) பறக்கும் தட்டில் வந்து, இசையில் வல்ல வாணியைக் கவர்ந்து செல்கிறான். அவளை மீட்க மோகன் அவ்வுலகுக்கே போகிறான். சீதையைத் தேடிச் சென்ற கதையின் சாயல் இதில் இருப்பதை யாரும் எளிதில் உணர்வர்.

இனி, காலத்தைச் சற்று நோக்குவோம். யூரி ககாரின் உலகைச் சுற்றிவந்தது 1961 ஏப்ரல் 12 அன்று. அவ்வாண்டின் இறுதியில் அவர் இந்தியாவுக்கு வந்தபோது நம் பம்பாயும் அவரை வரவேற்றது. தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்ததோ 1963 நவம்பர் 21 அன்று. அதாவது, 'கலை அரசி' திரைக்கு வந்து ஏழு திங்கள் கழித்து. வாலண்டினா தெரஸ்கோவா முதற்பெண்மணியாக விண்ணேறியது அவ்வாண்டு ஜூன் 16 அன்று. ஆகத் தமிழ்ப் படத்தின் வாணி அவருக்கு இரண்டு திங்கள் முன்னரே விண்வெளிக்குச் சென்றுவிட்டாள், கவர்ந்து செல்லப்பட்டே ஆயினும்! அந்நாளில் இந்நாட்டு விண்வெளி முயற்சி அணுசக்தித் துறையின் மடியில் வளர்ந்த குழந்தை; 1962இல் அமைந்த விண்வெளி ஆய்வுக் குழு அத்துறையைச் சார்ந்ததே. செம்பூருக்கு அடுத்த டிராம்பேயைப் புகைவண்டியிலும் பேருந்திலும் நாள்தோறும் கடந்து செல்லும் நம் குடும்பத்தார் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இப்போது தட்டைச் சோதிப்போம். காற்றுள்ள இடத்தில் விரைந்து பறக்கவேண்டுமானால் கூர்மூக்கு வேண்டும், இறக்கை வேண்டும். காற்றே இல்லாத வெளியில் வடிவம் எதுவாயினும் தடை இல்லை. ககாரின் அமர்ந்திருந்த அறையே ஓர் உருண்டைதான். குறைந்த உலோகத்தில் நிறைந்த இடம் தருவதும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைச் சீராகத் தாங்குவதும் உருண்டையே. எனவே கலம் தட்டுப்போல இருந்தது என்பதற்காகச் சிரிப்பது பொருந்தாது. பிழை வேறிடத்தில் இருக்கிறது. தட்டினுள் எரிபொருள் எங்கே? திங்களுக்குச் சென்ற அப்பல்லோ ஏவூர்தி புறப்படும்போது ஏறத்தாழ 2,900 டன் எடை. முடிவில் கடலில் வந்து விழுந்த கூடு ஐந்து டன் அளவினதே. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி எரிந்து போன எரிபொருள். ஆளைத் தூக்கிக்கொண்டு தட்டு சிட்டுக்குருவிபோல் எழும்புவதுதான் நடவாத காரியம். அப்பிழை நம் கோடம்பாக்கத்துக்கு மட்டும் உரியதன்று. ஆலிவுட்டும் அதையே செய்தது.

நம் நகரும் இதில் பின்தங்கவில்லை. 1967இல் தாரா சிங் நடித்த 'சாந்த் பர் சடாயீ' என்னும் இந்திப் படம், மற்போர் வீரரையே திங்களில் இறக்கிவிட்டது. அங்கே மூச்சுவிடக் காற்றில்லை என்பதைப் படம் அதிகம் பொருட்படுத்தவில்லை. அதை நீள ஆராய்வதிற் பயனில்லை. இரண்டே ஆண்டுகளில், 1969 ஜூலை 20 அன்று, மெய்யாகவே மனிதர் அங்கே இறங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் அம்மூவரும் பம்பாய்க்கு வந்தபோது அவர்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. அதன்பின் அட்டை நிலாவைக் காட்டி மக்களை நம்பவைத்தல் கலைஞர்க்கு எளிதாக இல்லை.

பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கிற்று. மாட்டுங்கா அரோரா கொட்டகையில் தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய குடும்பங்கள் மெல்ல மெல்ல வீட்டுப் பெட்டியின்முன் அமரத் தொடங்கின. 1980களில் தூர்தர்சனில் 'ஸ்டார் டிரெக்' வந்தது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டிலேயே தொடங்கிய தொடர் அது. அதன் கலத்தை வரைந்த மாட் ஜெஃப்ரீஸ் வானூர்திகளை நன்கறிந்தவர். பேராற்றல் கொண்ட எந்திரங்களை மக்கள் வாழும் பகுதியிலிருந்து விலக்கி, நீண்ட கைகளின் நுனியில் வைத்தார். அடுப்பை வீட்டின் புறத்தே வைத்த நம் பாட்டிமாரின் அறிவு அது. ஒளியாய்க் கரைந்து ஆட்கள் கீழே இறங்கும் வித்தையோ அறிவியலால் வந்ததன்று. வாரந்தோறும் பெருங்கலத்தைத் தரையில் இறக்கிக் காட்டப் பணம் போதாமையால் வந்தது!

ஆயினும் பொறியாளர் கண்ணுக்கு உவப்பானது என நாம் கருதுவது வேறொன்று. 1975 முதல் 1977 வரை ஆங்கிலேயர் ஒளிபரப்பிய 'ஸ்பேஸ்: 1999' தொடரின் 'ஈகிள்' என்னும் கழுகுக் கலமே அது. அதை வடிவமைத்த பிரையன் ஜான்சன், அதற்கு முன் '2001' திரைப்படத்திலும் பணியாற்றியவர். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே எந்திரங்கள், இரண்டையும் இணைப்பது இரும்புப் பாலத்தைப்போன்ற திறந்த சட்டம், கீழே நான்கு கால்கள். நடுவில் உள்ள பெட்டியை வேண்டியபோது கழற்றி வேறு பெட்டி மாட்டலாம். சரக்குந்தின் தலை ஒன்றே நின்று, இழுக்கும் பெட்டி மாறுவதைத் துறைமுகச் சாலையில் நாள்தோறும் காண்கின்றோமே, அதே முறை. காற்றில்லாத திங்களில் சட்டத்தை மூடித் தகடு போர்த்தவேண்டியதில்லை. அப்பல்லோவின் இறங்குகலமும் சிலந்திபோல அழகற்றுத்தான் இருந்தது. திங்களின் ஈர்ப்பைக் கடந்து தப்பிச் செல்ல நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் போதும், பூமிக்கு 11.2 வேண்டும். ஆகவே திங்களுக்குள் சரக்கு ஏற்றித் திரியும் வண்டியாகக் கழுகு முற்றிலும் நம்பத்தக்கது. காற்றும் ஈர்ப்பும் மிக்க உலகங்களில் அதே கலம் இறங்கி, எரிபொருள் நிரப்பாமலே மறுபடி எழுந்தபோதுதான் நம் நம்பிக்கை தளர்கிறது.

கதையின் அடிப்படையோ கலத்தைவிடப் பலவீனமானது. திங்களில் சேமித்த அணுக்கழிவு வெடித்து, அத்திங்களே பூமியை விட்டு ஓடிவிடுகிறதாம். டிராம்பேக்கு அருகில் குடியிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அணுக்கழிவு சூடு தரும், கதிர் வீசும். குண்டுபோல வெடித்து ஓர் உலகைத் தள்ளிக்கொண்டு போகாது. அவ்வளவு பெரிய உந்துதல் எங்கிருந்தேனும் வந்தாலும், திங்கள் ஓடுவதற்கு முன் உடைந்துவிடும்.

ஆனால் அத்தொடரில் வரும் 311 பேர் வாழும் மனையில் ஒரு செய்தி உண்டு. முதற்பருவத்தில் கட்டுப்பாட்டுக் கூடம் பெரிய சாளரங்களுடன் மேல்தளத்தில் இருந்தது. இரண்டாம் பருவத்தில் அது நிலத்தடிக்குப் போயிற்று. செலவுச் சிக்கனமும் நாடக உத்தியும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பொறியியல் நோக்கில் இரண்டாவதே சரி. காற்றுப் போர்வை இல்லாத இடத்தில் விண்கற்களும் கதிர்வீச்சும் நேரே வந்து தாக்கும். பகல் இரண்டு வாரம் கொளுத்தும், இரவு இரண்டு வாரம் உறைய வைக்கும். மண்ணே அங்கே கூரையும் போர்வையும். (1970இல் வந்த 'யூ.எஃப்.ஓ.' தொடரின் திங்கள் மனையில் பெண்டிர் அனைவரும் ஊதாநிறப் பொய்ம்முடி அணிந்திருந்தனர். அதற்குரிய அறிவியற் காரணம் நமக்கு விளங்கவில்லை.)

நம் நாட்டிலும் தூர்தர்சனில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா'வும், 1998இல் கேதன் மேத்தாவின் 'கேப்டன் வியோம்' தொடரும் வந்தன. சிறுவர்க்கு அவை விருந்து. கலத்தின் உறுப்புகளை ஆராய்ந்து சொல்லத்தக்கவை அவற்றில் குறைவு.

கதைக் கலங்களை அளக்க நமக்கு இன்று சொந்தக் கோலே கிடைத்துவிட்டது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக விளங்கிய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று திங்களின் தென்முனைப் பக்கம் இறங்கிற்று. விக்ரம் கலமும் கழுகைப்போல் நான்கு கால் உடையது. அதற்கும் கூர்மூக்கு இல்லை, இறக்கை இல்லை. 2019இல் இறங்குகையில் நேர்ந்த தோல்விக்குப் பின், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரை தட்டினாலும் தாங்கும்படி அக்கால்கள் வலுவாக்கப்பட்டன. அக்கலம் மண்ணுக்குள் செருகிய வெப்பமானி காட்டியது இன்னும் வியப்பு: மேற்பரப்பில் ஐம்பது பாகைக்கும் மேல் சூடு, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவு. ஒரு சாண் ஆழம்கூட இல்லை! மனையை மண்ணுக்கடியில் அமைத்த கதைக்காரர்க்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

'கலை அரசி'யின் தட்டை நாம் முழுவதும் விடுவித்துவிடவில்லை. எரிபொருட் கணக்கில் அது தோற்றதுதான். ஆனால் ஏவூர்தி ஒன்றும் எழாத நாட்டில் அதைச் செய்த தச்சரும் ஓவியரும் பார்த்து வரைய எதிரே எந்தக் கலமும் இல்லை. அறுபது ஆண்டுக்குள், திங்களில் ஓடவேண்டிய வண்டியைச் சோதிக்கப் பெங்களூரில் திங்கள் மண்ணைப்போன்ற மண் தேவைப்பட்டபோது, அதற்குரிய பாறை கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. அந்தப் பாறையைப் பொடித்துப் பரப்பிய தரையின்மேல்தான் வண்டியின் சக்கரங்கள் முதலில் ஓட்டிப் பார்க்கப்பட்டன.