வின்செஸ்டரின் அடித்தளமும் மாறிப்போன முகமும்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தின் கிழக்குப் பகுதி, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்பு மண்மீது மரக்கட்டைகளைப் பரப்பி எழுப்பப்பட்டது. கட்டைகள் சீரற்று அமிழ்ந்ததால், 1905 அளவில் சுவர்கள் சாய்ந்து பெரும் விரிசல்கள் கண்டன. அடியிலுள்ள சரளைப் படுகைவரை தோண்டிப் புதிய அடித்தளம் இடவேண்டும். தோண்டினாலோ குழியில் நீர் நிரம்பிற்று. அந்நீரை இறைத்தால் மண்ணும் உடன் வெளியேறிச் சுவரையே சாய்த்துவிடும். ஆகவே பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் யோசனைப்படி, வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பவர் இறக்கப்பட்டார். 1906 முதல் 1911 வரை, ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம்வரை, கலங்கிய நீரின் இருளில் கையால் தடவித் தடவியே கான்கிரீட் மூட்டைகளை அடுக்கிக் குழிகளின் அடியை அடைத்தார். அதன் பின்னரே நீரை இறைத்து, கொத்தர்கள் சுவரின் அடிவரை கட்டி நிரப்பினர். சுவர்கள் நிமிரவில்லை, சாய்வு நின்றது, அவ்வளவே. இன்றும் அதைக் கண்ணால் காணலாம்.

1964இல் வாக்கருக்கு வைக்கப்பட்ட சிறுசிலையில் இருந்த முகமோ ஃபாக்ஸினுடையது. நிழற்படத்தில் ஆள் மாறிவிட்டது. முக்குளிப்பவரின் உடையில் பொறியாளர் 37 ஆண்டுகள் நின்றார். 2001இல்தான் வாக்கரின் முகத்தோடு வேறு சிலை வந்தது.