வாடகை எப்போது உயரலாம்? குடியிருப்போர் அறிய வேண்டியவை

தோட்டத்து லயன் வீடு வேலையோடு சேர்ந்து வருவது. வேலை உள்ளவரை வாடகைப் பேச்சு பெரிதாக எழுவதில்லை. தோட்டத்தை விட்டு சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் தாமான்களுக்கு வரும் கெடா குடும்பங்களுக்கு நிலைமை வேறு. அங்கே வாடகை உயர்வைத் தீர்மானிப்பது வீட்டுக்காரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான்.

உச்சவரம்பு உண்டா?

இல்லை. 1948 ஜனவரி 31 வரை கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. 1997இல் அதை ரத்து செய்யும் சட்டம் வந்தது. 1999 இறுதியோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. இத்தனை விழுக்காட்டுக்கு மேல் வாடகையை உயர்த்தக் கூடாது என்ற சட்டம் இப்போது இல்லை.

ஒப்பந்தக் காலத்தில்

ஒரு வீட்டுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதம் 600 வெள்ளி என ஒப்பந்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் வீட்டுக்காரர் 700 வெள்ளி கேட்டால், இடையில் உயர்த்தலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 600 வெள்ளி கட்டினால் போதும். அதை வங்கி வழியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்வது நல்லது.

தவணை முடிந்த பின்

புதிய தவணைக்கு வீட்டுக்காரர் புதிய வாடகை கேட்கலாம். அதை ஏற்காமலும் வீட்டைக் காலி செய்யாமலும் இருப்பது ஆபத்து. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, அந்த நாட்களுக்கு இரு மடங்கு வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மேற்கண்ட உதாரணத்தில் அது மாதம் 1,200 வெள்ளி.

வாய்ப்பேச்சில் குடியிருந்தால்

மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக்கு வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் மாதா மாதம் தொடரும் குடியிருப்பை வழக்கமாக ஒரு மாத முன்னறிவிப்பில் முடித்துவிடலாம். உயர்வை மறுப்பவருக்கு அதற்கு மேல் அவகாசம் கிடைப்பது அரிது.

வெளியேற்ற முடியுமா?

தவணை முடிந்தாலும், நீதிமன்றம் செல்லாமல் வீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்றுவதும் பொருட்களை வெளியே வைப்பதும் தவறு. அதற்காக வாடகையை நிறுத்திவிடக் கூடாது. பாக்கி விழுந்தால், நீதிமன்ற ஆணை பெற்று வீட்டுப் பொருட்களைப் பறிமுதல் செய்ய 1951ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது.

கையெழுத்திடும் முன்

தவணை எவ்வளவு, முடிந்ததும் நீட்டிக்கும் உரிமை உண்டா, அப்போது அதிகபட்ச உயர்வு எத்தனை விழுக்காடு, முன்னறிவிப்பு எத்தனை மாதம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை, வரியும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

வீட்டைக் காலி செய்த பின் முன்பணம் திரும்பவில்லையா? 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு, வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்குத் தொடுக்கலாம்.