நம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்: லெமைத்ர், ஹாயில், பிரபஞ்சத் தொடக்கம்

1931 மே 9ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியானது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தைக் குவாண்டம் கோட்பாட்டின் வழியே யோசித்த அக்குறிப்பை எழுதியவர் பெல்ஜிய இயற்பியலரும் கத்தோலிக்கக் குருவுமான ஜார்ஜ் லெமைத்ர். அதன் தட்டச்சுப் படியில் அச்சேறாத கடைசிப் பத்தி ஒன்று உண்டு. கடவுளை நம்புகிறவர்கள் அவரை மறைந்திருப்பவராகவே நம்புகிறார்கள், படைப்பின் மேல் இயற்பியல் திரை போடுவதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே என்ற பொருள்பட எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறார்.

“அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே” என்ற வாதத்தை, நம்பிக்கையை அறிவியல் குறிப்புக்கு வெளியே நிறுத்திய இந்த அடித்தலை வைத்துத்தான் எடைபோட வேண்டும். தமிழில் அவ்வாதம் சுலபமாக எடுபட மொழியும் ஒரு காரணம். வைத்தியர் மேல் வைக்கும் நம்பிக்கை, மழை வரும் என்ற நம்பிக்கை, இறைநம்பிக்கை மூன்றுக்கும் ஒரே சொல் புழங்குகிறது. ஆட்களை மட்டும் பார்த்தால் வாதம் பாதி சரியும்கூட.

பிரிட்டிஷ் வானியலர் ஃப்ரெட் ஹாயிலையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அவரும் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகியோரும் நிலைமாறாப் பிரபஞ்சக் கோட்பாட்டை முன்வைத்தனர். பிரபஞ்சம் விரியும், விரிந்த இடத்தில் புதுப் பருப்பொருள் தோன்றி அடர்த்தியைச் சரிக்கட்டும், தொடக்கமே வேண்டியதில்லை. ‘தொடக்கம்’ என்றாலே ஹாயிலுக்கு வேதாகம வாடை அடித்தது. 1949இல் பிபிசி வானொலியில், தொடக்கம் உண்டு என்ற எதிர்க்கோட்பாட்டுக்கு ‘பிக் பேங்’ என்று பெயர் சூட்டியவரும் அவர்தான். ஆனால் அவர் பக்கம் வலுவான கணக்கும் இருந்தது. தொடக்கம் உண்டென்று கொண்டால், வானியலர் ஹப்பிள் அன்று கண்டிருந்த விரிவு வேகத்தின்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். பாறைகளின் கதிரியக்கமோ பூமிக்கு அதைவிடக் கூடுதல் வயது சொன்னது. பாட்டனைவிடப் பேரன் மூத்தவன்! 1952இல் வால்டர் பாடே விண்மீன் மண்டலங்களின் தொலைவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிய பிறகே இச்சிக்கல் தளரத் தொடங்கியது.

இதற்கிடையே 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், திருப்பீட அறிவியல் கழகத்தில் பேசும்போது, புதிய அண்டவியல் படைப்புக்குச் சான்று பகர்வதாக வரவேற்றார். அக்கழகத்தின் உறுப்பினரான லெமைத்ருக்கு இது உவப்பாயில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, பொருள்முதல்வாதியும் தாராளமாக ஏற்கத்தக்கது என்று 1958 சால்வே மாநாட்டில் தெளிவுபடுத்தினார். இதில் அவர் திருச்சபை மரபை மீறவுமில்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தாலேயே ஏற்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டிருந்தார். மரபிலிருந்து விலகியது திருத்தந்தையின் உரைதான் என்றே எனக்குப் படுகிறது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி எனக் கொள்ளும் சைவ சித்தாந்திக்கோ, இல்லாததிலிருந்து உலகம் வந்ததா என்ற வழக்கே அயல்வீட்டு வழக்கு. ‘மதம்’ என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நாத்திக உந்துதலில் பிறந்தாலும் ஹாயிலின் கோட்பாடு தன் கழுத்தைத் தானே நீட்டியது. பிரபஞ்சம் எக்காலத்திலும் ஒரே முகம் காட்ட வேண்டும் என்றது அது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் வானொலி மூலங்களை எண்ணியபோது மங்கலானவை, அதாவது தொலைவிலும் பழமையிலும் உள்ளவை, கணக்குக்கு மீறி இருந்தன. 1964இல் நியூஜெர்சியின் ஹோம்டெல் என்ற ஊரில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் பிரம்மாண்டக் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஓர் இரைச்சலைக் கேட்டனர். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தினர். எச்சத்தைச் சுரண்டிக் கழுவினர். எத்திசையில் திருப்பினாலும், எப்பருவத்திலும், ஏறத்தாழ 3.5 கெல்வின் அளவில் இரைச்சல் அப்படியே இருந்தது. வெப்பமான தொடக்கத்தின் மிச்சக் கதிர்வீச்சு அது என்ற விளக்கம் 1965இல் அச்சேறியது. 1966 ஜூனில், சாவதற்குச் சில நாள் முன்பு, நோய்ப்படுக்கையில் லெமைத்ர் அந்தச் செய்தியைக் கேட்டார்.

ஹாயில் மசியவில்லை. 1993இலும் ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஜெயந்த் நார்லிகர் ஆகியோருடன் திருத்திய வடிவம் ஒன்றை முன்வைத்தார். அவர் நம்பிக்கை அவரோடு இருந்தது. துறை அவருக்காகக் காத்திருக்கவில்லை. நம்புகிறவர் இருக்கும்போதே அவர் நம்பிக்கையைத் தள்ளிவிட்டுப் போகும் இந்த ஏற்பாட்டைச் சமயத்தோடு ஒரே தட்டில் வைக்க இயலாது. நம் பிரபஞ்சத்தைப் போல் வேறு பலவும் உண்டு என்று இன்று பல்பிரபஞ்சம் பேசும் அண்டவியலர்களிடம், எந்த ஆன்டெனா எதைக் கேட்டால் கைவிடுவீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் ‘நம்பிக்கை’ என்ற சொல்லை அவர்களுக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம்.