காஞ்சி கேட்டு வாங்கிய பன்னிரண்டு வயது அரசன்

கி.பி. 731 அளவில் காஞ்சிபுரத்தின் அரியணை காலியானது. பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் பட்டமேறி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் படையோடு வந்து அவனிடம் கப்பம் வாங்கிப் போயிருந்தான். பிறகு கங்க மன்னன் ஸ்ரீபுருஷனோடு விளந்தையில் நடந்த போரில் பரமேசுவரவர்மன் மாண்டான். பல்லவனின் வெண்கொற்றக்குடையைப் பறித்துக்கொண்டதாகக் கங்கர் செப்பேடுகள் பெருமை பேசுகின்றன. மகாபலிபுரத்தையும் கயிலாசநாதர் கோயிலையும் கட்டிய வம்சம், அடுத்து முடிசூட ஆளில்லாமல் நின்றது.

அப்போது நடந்ததைச் சொல்லும் கல் காஞ்சிபுரம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில், ஆழ்வார் பாசுரத்தில் பரமேச்சுர விண்ணகரம். கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று. அதன் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை மணற்கல் சிற்பங்கள். சில சிற்பங்களுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தமிழில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நான் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, வரலாறு படித்து, இதே ஊரில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தத் திருச்சுற்றுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். இங்கே முடிசூடுகிறவனுக்கும் அவர்கள் வயதுதான்.

கல்வெட்டு சொல்வது இது. பரமேசுவரவர்மன் இறந்ததும் அரசு அதிகாரிகளான மாத்ரர்களும் மூலப்பிரகிருதிகளும் கடிகையாரும் கிளம்பி, ஹிரண்யவர்ம மகாராஜனிடம் போனார்கள். மூலப்பிரகிருதிகள் என்போர் அரசின் அடிப்படையாக இருந்த முதன்மைக் குடிகள். கடிகையார், காஞ்சியின் பேர்பெற்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்கள். கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் படிக்க வந்தது இந்தக் கடிகைக்குத்தான் என்று கர்நாடகத்துத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. இவர்கள் ஏன் ஹிரண்யவர்மனைத் தேடிப் போனார்கள்? முந்தைய பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்தவன் அவன். காசாக்குடிச் செப்பேடு அந்த வழியை வரிசையாகத் தருகிறது: பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்யவர்மன், கோவிந்தவர்மன், ஹிரண்யவர்மன். மூத்த கிளை பட்டுப்போனதும் தலைமுறைகளுக்கு முன்பே பிரிந்துபோன பங்காளி வீட்டுக் கதவைக் காஞ்சி தட்டியது.

ஹிரண்யவர்மனுக்கு நான்கு மகன்கள்: ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன். யார் போகிறீர்கள் என்று தகப்பன் கேட்டான். மூத்தவர்கள் மூவரும் மறுத்தார்கள். சாளுக்கியனும் கங்கனும் கொள்ளையடித்துப் போன, எந்த நேரமும் மறுபடி போர் மூளக்கூடிய நாட்டுக்கு அரசனாக யாருக்குத்தான் மனம் வரும்? கடைக்குட்டி பல்லவமல்லன் நான் போகிறேன் என்றான். அவனுக்கு வயது 12. தகப்பன் தயங்கினான். தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் எடுத்துச் சொல்லித் தேற்றிய பிறகே அனுமதி கொடுத்தான். தன் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டவை யானைத் தலைகளோ என்று அவன் திகைத்ததாகவும், அவை உன் மகனுக்கான மகுடங்கள் என்று தரணிகொண்டபோசர் விளக்கியதாகவும் கல்வெட்டில் ஓர் இடம் வருகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

மலை, ஆறு, காடு எல்லாம் கடந்து சிறுவன் வந்தான். பல்லவடி அரையர் பெரும்படையோடு எதிர்கொண்டு யானைமேல் ஏற்றி அழைத்து வந்தார். நகருக்குள் சிற்றரசர்களான மகாசாமந்தரும் நகரத்தாரும் மூலப்பிரகிருதிகளும் காடக்கமுத்தரையரும் வரவேற்றார்கள். நந்திவர்மன் என்று பெயர் சூட்டி முடிசூட்டினார்கள். இந்தப் பட்டியலில் நகரத்தார் என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வணிகர்களின் சபை அது. அரசன் யார் என்பதில் காஞ்சியின் கடைத்தெருவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

தறியில் ஒரு பாவு தீர்ந்தால் தறியைக் கலைத்துப் போட மாட்டோம். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போம். அன்று காஞ்சி செய்ததும் அதைத்தான். அரசன் இல்லாதபோதும் கடிகை இருந்தது, நகரம் இருந்தது, சாமந்தர்கள் இருந்தார்கள். அவர்கள் புது இழையைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சேர்த்ததோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. திருச்சுற்றில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்: இந்தச் சிற்பங்களைச் செதுக்க வைத்தவன் அதே நந்திவர்மன். அவன் கதையை அவன் தரப்பிலிருந்து பார்க்கிறோம். உதயேந்திரம் செப்பேட்டையும் சேர்த்துப் படித்தால்தான் மறுபக்கம் தெரியும். சித்திரமாயன் என்ற இன்னொரு பல்லவன் இருந்தான். பரமேசுவரவர்மனின் மகனாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழ் அரசர்கள் நந்திவர்மனைக் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நந்திபுரத்தில் முற்றுகையிட்டபோது, தளபதி உதயசந்திரன் முற்றுகையை உடைத்து, சித்திரமாயனைக் கொன்று, அரசனை மீட்டான். வேகவதி ஆற்றங்கரை வில்வலபுரத்துக்குத் தலைவன் அவன். பாண்டியன் மாறவர்மன் ராஜசிம்மனும் பல்லவரோடு மோதிக்கொண்டே இருந்தான். இதற்கிடையே, இப்போது அரசனாகிவிட்ட விக்கிரமாதித்தன் மறுபடியும் வந்து காஞ்சியைப் பிடித்தான். கயிலாசநாதர் கோயில் செல்வத்தைக் கொள்ளையிடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததை அங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் எழுதிவைத்துத் திரும்பினான்.

இத்தனையையும் தாண்டி நந்திவர்மன் 65 ஆண்டுகள் ஆண்டான். ராஷ்டிரகூட இளவரசி ரேவாவை மணந்தான். மகன் தந்திவர்மனுக்கு அரியணையைக் கொடுத்துப் போனான். திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடிய பதிகத்தில் பல்லவர்கோன் என்று இவனையே போற்றுகிறார்.

இந்த வரலாறு நமக்குக் கிடைக்கக் காரணம் ஒரு பெண். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான சி. மீனாட்சி, தேய்ந்துபோன இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கல்வெட்டோடு பொருத்தி விளக்கம் எழுதினார். 1940இல் முப்பத்தைந்து வயதை ஒட்டி இறந்துபோனார். தொல்லியல் துறை அந்த நூலை 1941இல் வெளியிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். போட்டியாளனை வாளால் வென்ற ஓர் அரசன், கோயில் சுவரில் வாளை மட்டும் காட்டியிருக்கலாம். தன்னை ஊர் கேட்டு வாங்கியது என்பதை அவன் செதுக்க வைத்தான். காசாக்குடிச் செப்பேடும் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றே அவனைக் குறிக்கிறது. ஒரு தலைமுறை கழித்து வங்காளத்தில் கோபாலன் அரசனானதையும் பிரகிருதிகளின் செயலாகவே காலிம்பூர்ச் செப்பேடு சொல்கிறது. இதை இன்றைய தேர்தல் என்று நினைத்துவிடக் கூடாது. உழுதவனையும் நெய்தவனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ரத்த உறவு மட்டும் போதாது, ஊரின் சம்மதமும் வேண்டும் என்ற எண்ணம் 8ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில் அவ்வளவு பலமாக இருந்தது. வென்றவனுக்கே அது தேவைப்பட்டது.

பட்டுப் புடவை எடுக்க வருகிற குடும்பங்கள் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதரையும் சேவித்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. இந்தக் கோயிலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெருமாளைச் சேவித்துவிட்டுத் திருச்சுற்றைச் சுற்றி வாருங்கள். மணற்கல் ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது; உங்கள் கை அதன்மேல் படவேண்டாம். உடன் வந்திருக்கும் 12 வயதுப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஊர் வந்து கேட்டபோது அண்ணன்மார் மூவரும் பின்வாங்க, ஒரு சிறுவன் சரி என்றான் என்று சொல்லுங்கள். அவனை அரசனாக்கி, காத்து, நிலைக்க வைத்ததில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.