போடி அரண்மனைச் சுவரும் ஒரு மாணவனின் கேள்வியும்



போடி என்றதும் பலருக்கு ஏலக்காய் வாசனைதான் நினைவுக்கு வரும். எனக்கு ஜமீன் அரண்மனைச் சுவரில் இருக்கும் ராமாயண ஓவியங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அவற்றைப் பற்றி வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "சார், தாளில் வரைஞ்சிருந்தா பத்திரமா எடுத்து வச்சிருக்கலாமே?" என்றான். சரியான கேள்வி. சுவரோவியத்தை எடுத்துப் பெட்டியில் பூட்ட முடியாது. வீடு இருக்கும்வரைதான் அது இருக்கும்.

மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் போடியும் ஒன்று. 1801-ல் பாளையக்காரர் போர் அடங்கியது; 1802-ல் கம்பெனி நிரந்தர நிலவரி முறையைக் கொண்டுவந்தது. படை வைத்திருந்தவர்கள் வரி வசூலித்துக் கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். அந்த வரி வருமானத்தில்தான் அரண்மனைகளுக்கு ஆண்டுதோறும் ஓடு மாற்றினார்கள், சுண்ணாம்பு பூசினார்கள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் குடியானவர்களுக்கு நியாயம் செய்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓடு மாற்றும் காசும் அதோடு நின்றது.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். அங்கே 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்களில் சேதுபதி தஞ்சை மராட்டியரோடு போரிடுகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார். இன்று அது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் நாம் போய்ப் பார்க்க முடிகிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலும் பாழாகிக் கிடந்ததுதான். கவர்னர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்த்து, நீதிமன்றமாகப் பயன்படுத்தியதால் பிழைத்தது.

நம் ஊரில் மலைச்சாரல் அதிகம். கூரை ஒழுகினால் ஈரம் சுவருக்குள் இறங்கும். காயும்போது உப்பு வெளியே வந்து வண்ணத்தைச் செதில் செதிலாக உரிக்கும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை மூச்சு விடுவதுபோல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டோ எனாமல் பெயிண்டோ அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

அதனால், பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வாத்தியாரின் வேண்டுகோள் இதுதான்: முதலில் கூரையைப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். ஓவியம் தெரிந்தால் வெள்ளையடிக்காமல் ஒரு புகைப்படமாவது எடுத்து வையுங்கள்.

அரண்மனை ஓவியங்களின் பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால் இங்கே பகிருங்கள். அந்தப் பையன் சொன்ன தாள் அதுவாகவே இருக்கட்டும்.