எரிக்க வளர்த்த திராட்சை: ஒரு மலிவான வெள்ளை ஒயினின் கதை

இன்னைக்கு எபிசோடுக்காக என் முன்னாடி ஒரு பாட்டில் இருக்கு. தென்மேற்கு பிரான்சில் கஸ்கோனி என்ற பகுதியிலிருந்து வந்த வெள்ளை ஒயின். லேபிளில் 'கோட் த கஸ்கோன்' என்று போட்டிருக்கிறது. பிரான்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைந்த வரிசையில் இருக்கும் பாட்டில். இரண்டு திராட்சைகளின் கலவை: கொலம்பார், யூனி பிளான்.

முதல்ல ருசி பார்த்துடுவோம். கிளாஸில் ஊற்றினால் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான். உற்றுப் பார்த்தால் லேசான பச்சை கலந்த மஞ்சள். மூக்குக்கிட்ட கொண்டுபோனால் பம்பளிமாஸ் தோலை உரித்த வாசனை. பின்னாடியே கொஞ்சம் கொய்யா. ஒரு வாய் குடிச்சா முதல்ல வர்றது புளிப்பு, தாடை ஓரத்தில் எச்சில் ஊற வைக்கிற புளிப்பு. விழுங்கினதும் சட்டென்று முடிஞ்சிடுது.

அந்தப் புளிப்புதான் இன்னைக்குக் கதை. ஏன்னா, இந்தத் திராட்சைகளை அந்த ஊரில் ஒயினாகக் குடிப்பதற்காக வளர்க்கவில்லை. எரிப்பதற்காக வளர்த்தார்கள்.

'த்ரீ மஸ்கிட்டியர்ஸ்' கதையில் வரும் தார்த்தன்யானின் ஊர்தான் கஸ்கோனி. அங்கே பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சப்படும் பிராந்திக்கு அர்மன்யாக் என்று பெயர். பிராந்தி என்ற சொல்லுக்கு மூலம் 'பிராண்டவைன்' என்ற டச்சுச் சொல். அர்த்தம்? எரித்த ஒயின். முதலில் ஒயின் செய்து, பிறகு அதைக் காய்ச்சி வடிக்க வேண்டும்.

காய்ச்சுவதற்கு எந்த ஒயின் நல்லது? குடிக்க நன்றாக இருக்கும் ஒயின் இல்லை! புளிப்பு அதிகமாகவும் ஆல்கஹால் குறைவாகவும் இருக்க வேண்டும். அர்மன்யாக்குக்கான ஒயினில், கெடாமல் காக்கும் சல்ஃபரைச் சேர்ப்பதில்லை. அதனால் காய்ச்சும் நாள் வரை அந்த ஒயினைக் காப்பாற்றுவது அதன் புளிப்புதான்.

முன்பு இந்த வேலைக்குப் பெயர்போன திராட்சை ஃபோல் பிளான்ஷ். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பியத் திராட்சைகளின் வேரைத் தின்று தீர்த்தது. அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டுப்போட்டுத்தான் தோட்டங்களை மீட்டார்கள். ஒட்டுப்போட்ட ஃபோல் பிளான்ஷோ எளிதில் அழுகியது. அந்த இடத்துக்கு வந்த திராட்சைகளில் முக்கியமானது யூனி பிளான். இத்தாலியில் இதுக்குப் பேர் ட்ரெபியானோ. நிறைய காய்க்கும், புளிப்பு போகாது, வாசனை மட்டும் பெரிசா கிடையாது.

இப்போ 1970களுக்கு வருவோம். அர்மன்யாக் விற்பனை தளர்ந்தது. நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தோட்டம் முழுக்கக் கொடி இருக்கு. வருஷா வருஷம் காய்க்குது. ஆனா அந்தப் பழத்தைக் காய்ச்சி ஓக் பீப்பாயில் போட்டா, வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அதை வாங்கவும் ஆள் குறைவு. ஒயினாக அப்படியே விற்கலாம் என்றால், வெறும் புளிச்ச தண்ணி என்று சொல்லிவிடுவார்கள்.

1979இல் பிளெசான்ஸ், எய்ன்யான், சாங் மோன் என்ற மூன்று ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து பிளெமோன் என்ற அமைப்பை உருவாக்கின. ஊர்ப் பெயர்களின் துண்டுகளை ஒட்டி வைத்த பெயர் அது. முன்னின்றவர் ஆந்த்ரே துபோஸ்க். 1982இல், அர்மன்யாக் காய்ச்சிவந்த தாரிக்கே என்ற பண்ணையில் கிராஸா குடும்பத்தின் ஈவ் கிராஸாவும் அவர் சகோதரியும் வெள்ளை ஒயின் செய்யத் தொடங்கினார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தது குளிர். கொலம்பாரின் வாசனையில் பெரும்பகுதி பழத்தில் மறைந்து கிடக்கிறது. நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அதை விடுவிக்கிறது. ஆனால் காற்றும் சூடும் பட்டால் அந்த வாசனை சீக்கிரம் போய்விடும். அதனால் வெயில் ஏறும் முன்பே மெஷினில் அறுவடை, சாறைக் குளிர வைத்தல், காற்றுப் படாத ஸ்டீல் தொட்டியில் குறைந்த வெப்பத்தில் நொதித்தல். எல்லாம் அந்தப் பம்பளிமாஸ் வாசனையைப் பிடித்துவைக்கத்தான்.

கலவை எதுக்கு? நம்ம ரசத்தை நினைச்சுக்கோங்க. யூனி பிளான் புளித்தண்ணி மாதிரி, கொலம்பார் தாளிப்பு மாதிரி. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு எடுபடாது.

இது ஏன் மலிவு என்பதும் இதிலேயே இருக்கு. நிறைய காய்க்கும் கொடி, மெஷின் அறுவடை, ஓக் பீப்பாய் செலவு இல்லை. முக்கியமா, காத்திருப்பு இல்லை. இலையுதிர் காலத்தில் பறித்த பழம் சில மாதங்களில் கடைக்கு வந்துவிடும். பத்து வருஷம் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாத விவசாயிக்கு அடுத்த வருஷமே பணம். 'மலிவு'ன்னு நாம ஒதுக்கிவைக்கிற அந்த பாட்டிலாலதான் பலரோட கொடி இன்னும் நிலத்தில நிக்குது.

இப்போ இன்னொரு வாய் குடிக்கிறேன். அதே புளிப்புதான். முன்னாடி பிராந்திக்காகத் தேடின புளிப்பு, இப்போ ஒயினிலேயே நேரா நாக்குக்கு வருது.

நீங்க குடிக்கிறவரா இருந்து, இந்த ஒயின் கையில் கிடைச்சா, நல்லா குளிர வச்சு, ஒன்றிரண்டு வருஷத்துக்குள்ள குடிச்சிடுங்க. பத்திரமா வச்சா மதிப்பு கூடாது, வாசனைதான் போகும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.