ஆய்வாளர் எதிர்பார்ப்பு விளைவு

ஆய்வு செய்பவரின் எதிர்பார்ப்பு, அவர் அறியாமலே ஆய்வின் முடிவை மாற்றிவிடுவது. உளவியல் ஆய்வுமுறைகளைக் கற்பவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் ஆபத்து இது; இதை உலகுக்குக் காட்டியது ஒரு குதிரை.

பெர்லினில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ப் தலைமையிலான குழு அதை ஆராய்ந்தது. மோசடி எதுவும் அகப்படவில்லை. ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விடவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். குதிரை தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாமல் கண்ணோரம் மறைத்தபோதும் அப்படியே.

விடை குளம்பில் இல்லை, கேட்டவரின் தலையில் இருந்தது. தட்டல் தொடங்கும்போது அவர் சற்றே குனிவார். சரியான எண் வந்ததும் தலை இம்மியளவு நிமிரும். ஹான்ஸ் உடனே நிறுத்திவிடும். இதை நன்கு அறிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தம் தலையசைவை முழுமையாக அடக்க முடியவில்லை என்பதுதான் இக்கதையின் மிக முக்கியமான பகுதி: நேர்மை மட்டும் இங்கே காவலாகாது. அவருடைய ஆய்வு 1907இல் நூலாக வந்தது.

இதே விளைவு ஆய்வகத்திலும் தெரிந்தது. 1963இல் உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் ரோசெந்தாலும் கெர்மிட் ஃபோடும் மாணவர்களுக்குச் சாதாரண எலிகளைக் கொடுத்து, சிலரிடம் ‘கெட்டிக்கார எலிகள்’ என்றும் மற்றவர்களிடம் ‘மந்தமானவை’ என்றும் சொன்னார்கள். ‘கெட்டிக்கார’ எலிகளே புதிர்ப்பாதையில் நன்றாக ஓடியதாகப் பதிவாயிற்று.

இதனால்தான் மருந்துச் சோதனைகளில் மருந்து எது, போலி மாத்திரை எது என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மறைக்கப்படுகிறது. இதற்கு இருமறைப்பு முறை என்று பெயர்.